சுல்தான் ஷோல் கலங்கரை விளக்கத்தைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் உண்டா?

மேற்குக்கரைவாசி:
சிங்கப்பூரும் மலேசியாவும் உரிமை கோரிய பெட்ரா பிராங்கா தீவின் வழக்கு 2008-இல் அனைத்துலக நீதிமன்றத்தில் தீர்ப்பானதிலிருந்து, அந்தத் தீவில் நிற்கும் ஹார்ஸ்பரோ கலங்கரை விளக்கம் எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பூரின் மேற்கே துவாஸ் பக்கம் கடலில் நிற்கும் சுல்தான் ஷோலைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை, அந்தக் குறையில்தான் எழுதுகிறேன்.

கப்பல்களுக்கு அரிசி, காய்கறி எல்லாம் லாஞ்சில் கொண்டுபோய் ஏற்றும் வேலையில் இருந்தேன். சுல்தான் ஷோல் 1895-இல் கட்டியது. சிவப்புக் கூரை போட்ட இரண்டு மாடி வீடு, அதன் நடுவிலிருந்து கிளம்பும் வெள்ளைக் கோபுரம். தூரத்தில் பார்த்தால் யாரோ பணக்காரர் கடலுக்குள் பங்களா கட்டிவிட்டார் என்றுதான் தோன்றும். ஆரம்பத்தில் எண்ணெய் விளக்கு, 1984-இல் தானியங்கி ஆக்கிவிட்டார்கள்.

ஒருநாள் நல்ல வற்றம். லாஞ்ச் ஓட்டிய பாக் சிக் நேராகப் போகாமல் அகலமாகச் சுற்றினார், இப்படியே போனால் சீக்கிரம் போய்விடலாமே என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எஞ்சினைக் குறைத்துவிட்டுக் கையை நீட்டினார். கரும்பச்சையாகக் கிடந்த தண்ணீர் கொஞ்ச தூரத்தில் சட்டென்று வெளிறி, அதற்கப்பால் பழுப்பாகி, அடியில் பவளப்பாறையின் முதுகு தெரிந்தது. காற்றே இல்லாத நேரம், ஆனாலும் அந்த இடத்தில் மட்டும் சின்னச் சின்ன அலை மடிந்துகொண்டிருந்தது. "தண்ணி ஏறிட்டா இது எதுவும் தெரியாது" என்றார். அவ்வளவுதான், நான் அப்புறம் குறுக்குவழி கேட்கவே இல்லை.

ஜூரோங் தம்பி:
அண்ணே, இதெல்லாம் நம்ம ஊர்க் கைதிகள் கட்டியதுதானே? தாத்தா அப்படித்தான் சொல்வார்.

மேற்குக்கரைவாசி:
தாத்தா சொன்னது ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்துக்குச் சரி, தம்பி. தெற்கே சாத்துமு தீவில் இருப்பது. புலாவ் உபின் தீவில் கருங்கல் வெட்டி, இந்தியக் கைதிகளின் உழைப்பில் கட்டி, 1855-இல் விளக்கேற்றினார்கள். சிங்கப்பூரில் கைதி உழைப்பு முறையே 1873-இல் முடிந்துவிட்டது, சுல்தான் ஷோல் அதற்கு இருபது வருடம் பிந்தியது. கைதிகள் கட்டிய கோவில், சாலை பற்றியெல்லாம் பேசுகிறோம், கடலுக்குள் அவர்கள் சுமந்த கல்லைப் பற்றி ஏனோ பேசுவதில்லை.

பங்கர் படகுக்காரன்:
ராத்திரி ஷிப்டில் போய்ப் பாருங்கள், வேறு கதை. சுற்றி நங்கூரம் போட்ட கப்பல்களின் விளக்கு, பின்னால் துவாஸ் துறைமுகக் கிரேன்களின் விளக்கு, இதற்குள் கலங்கரை விளக்கத்தைத் தேடிப் பிடிக்கவே நேரமாகும். விளக்கு எத்தனை தடவை வெட்டுகிறது, அதாவது மின்னுகிறது, என்ற கணக்கை வைத்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. ராஃபிள்ஸ் என்றால் 20 விநாடிக்கு மூன்று வெட்டு. ஜிபிஎஸ் இருக்கும்போது இது எதற்கு என்று புதுசாக வரும் பையன்கள் கேட்பார்கள். திரை அணைந்துபோன ராத்திரி ஒன்று வாய்த்தால் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்று, அண்ணன் பார்த்த பவளம் இப்போது முழுசாக அங்கே இல்லை. துவாஸ் துறைமுக வேலைக்காக 2013 வாக்கில் அதில் ஒரு பகுதியைப் பெயர்த்துத் தெற்குத் தீவுகள் பக்கம் நட்டார்கள்.

ஜூரோங் தம்பி:
அங்கே இறங்க விடுவார்களா?

மேற்குக்கரைவாசி:
துறைமுக ஆணையத்தின் அனுமதி இல்லாமல் முடியாது. படகில் போனால் வெளியிலிருந்து பார்க்கலாம், ஆனால் வற்ற நேரம் தெரிந்த ஆளோடு போங்கள்.