ஆகஸ்ட் 15 சனிக்கிழமை, எங்களுக்கு டூட்டி. கொடியேத்தறதை வெள்ளி ராத்திரியே வெச்சுக்கலாமுங்களா?

கொழிஞ்சாம்பாறை_மனாமா:

ஏனுங்க, ஒரு யோசனை கேக்கோணும். நான் பஹ்ரைன்ல ஏசி டக்ட் வேலைங்க, இது ஏழாவது வருஷம். எங்க கேம்ப்ல ஒரே மாடியில 20 பேர். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம்னு பாலக்காட்டு எல்லையில தமிழ் பேசற நம்ம சைடு ஆளுங்க ஆறு பேர். கொல்லம், ஆலப்புழைக்காரங்க எட்டு. திருநெல்வேலி, ராம்நாடு நாலு. ஒடிசாப் பசங்க ரெண்டு.

போன வருஷம், 2025ல, ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை வந்துச்சு. வாரத்துல எங்களுக்கு லீவு அந்த ஒரு நாள்தான், அதனால மொட்டைமாடியில ஜம்முனு கொண்டாடினோம். இந்த வருஷம் சனிக்கிழமை. ஆபீஸ்ல உக்கார்றவங்களுக்கு வெள்ளி, சனி ரெண்டும் லீவு. எங்களுக்கு விடியக்காலம் 4.45க்கு கேட்டுல வண்டி நிக்கும். திரும்பி வர்றப்ப சாயங்காலம் ஆறரை. அப்புறம் துணி துவைக்கிறவன் ஒருத்தன், ஊருக்கு போன் பேசறவன் ஒருத்தன். எவனையும் ஒரு இடத்துல நிறுத்த முடியாது.

அதனால வெள்ளி ராத்திரியே வெச்சுக்கலாம்னேன். கொல்லத்துக்காரர் ஒருத்தர், "அது பதினாலு, பாகிஸ்தான்காரங்க நாளாச்சே"ன்னுட்டார். கீழ் மாடியில பாகிஸ்தான் டிரைவருங்க இருக்காங்க. வருஷா வருஷம் 14 ராத்திரி தாம்பாளம் நிறைய பிரியாணி மேல வரும், மறுநாள் எங்க பாயசம் கீழ இறங்கும். அதுல ஒரு வில்லங்கமும் இல்லீங்க. ஆனா அவங்க நாள்லயே நாமளும் மேல ஸ்பீக்கர் போட்டா நல்லாவா இருக்கும்?

விட்டுடலாம்னாலும் மனசு வரலை. ஓணத்துக்கு இலை போட்டா "நீ பாண்டியல்லே"ன்னு, தமிழன்தானேங்கற மாதிரி, ஒரு கேலி வரும், சிரிச்சுட்டே சாப்பிடுவேன். பொங்கலுக்கு ஒரு தமிழ் அமைப்புல பேர் குடுக்கப் போனேன். விலாசத்துல பாலக்காடுன்னு பாத்துட்டு, "நீங்க மலையாளி சமாஜத்துல சேரலாமே"ன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியமுங்க! ஆகஸ்ட் 15க்கு மட்டும்தான் எவனும் எந்த ஊருன்னு கேக்காம தம்ளரை நீட்டறான்.

போன வருஷம் நடந்த கூத்தையும் சொல்லிடறேன். ஜன கண மன யூடியூப்ல போட்டோம், பாதியில ஷாம்பு விளம்பரம் வந்துருச்சு. எல்லாரும் அட்டென்ஷன்ல நிக்கறோம், போன்ல ஒரு பொண்ணு முடியைக் கோதிட்டு இருக்கு. அதைக்கூட விடுங்க. போட்டோவை வீட்டுக்கு அனுப்பினேன். அஞ்சாவது படிக்கற என் பொண்ணு கேட்டா, "ஏப்பா பச்சை மேல இருக்குது?" கொடியைத் தலைகீழாக் கட்டியிருக்கோம். 20 பேர்ல ஒருத்தன் கவனிக்கலைங்க.

வெள்ளி ராத்திரியா, சனி சாயங்காலமா? ஒரு வழி சொல்லுங்க.

வேலந்தாவளம்_டீக்கடை:

இதுக்கென்னத்துக்கப்பா பஞ்சாங்கம் பாக்கற? நேருவே செங்கோட்டையில கொடியேத்தினது 1947 ஆகஸ்ட் 16ந்தேதிதான், 15 இல்ல. பெரிய மனுசனே ஒரு நாள் தள்ளித்தான் ஏத்தியிருக்காரு. நீங்க சனி சாயங்காலமோ ஞாயித்துக்கிழமையோ ஏத்துங்க. பாயசம் மட்டும் சூடா இருக்கோணும்.

சித்தூர்_பழைய_மஸ்கட்:

தம்பி, நான் 26 வருஷம் மஸ்கட்ல இருந்துட்டு வந்து இப்போ நம்ம பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்ல தென்னைக்குத் தண்ணி பாச்சிட்டு இருக்கேன். உன் கேள்விக்கு விடை கடியாரத்துலயே இருக்குது. பஹ்ரைன் நம்ம நேரத்துக்கு ரெண்டரை மணி பின்னால. அங்க வெள்ளி ராத்திரி 9.30 ஆச்சுன்னா நம்மூர்ல 12 அடிச்சு 15 பொறந்தாச்சு. சுதந்திரம் வந்ததும் நடுராத்திரிதானே! ஒம்பதரைக்கு ஏத்து, பத்துக்குப் படு. உன் கொல்லத்துக்காரர் வாய் தொறக்க முடியாது. கீழ் வீட்டுப் பிரியாணியையும் எட்டு மணிக்கே சாப்பிட்டு முடிச்சிருப்பீங்க.

இன்னொண்ணு தெரியுமா? நீ இருக்கற பஹ்ரைனே பிரிட்டிஷ்காரன் கையை விட்டு வந்தது 1971 ஆகஸ்ட் 15லதான். அவங்க தேசிய தினமாக் கொண்டாடறது டிசம்பர் 16, அதனால பல பேருக்கு இது தெரியாது. கேம்ப் ஆபீஸ்ல அந்த ஊர்க்காரர் யாராச்சும் இருந்தா அவருக்கும் ஒரு தம்ளர் குடுத்துட்டு சொல்லிப் பாரு.

பாண்டி, மலையாளிங்கற பேச்சையெல்லாம் காதுல போட்டுக்காதே. 1947ல நம்ம சித்தூர் கொச்சி ராஜா சீமை, பாலக்காடு மதராஸ் மாகாணம். எங்கப்பா பாலக்காட்டுக்கு மாடு ஓட்டிட்டுப் போறதே எல்லை தாண்டித்தான். 1956 நவம்பர் 1ல ரெண்டும் ஒரே கேரளா ஆச்சு. மாடு அதே மாடு.

முதலமடை_நர்ஸ்_குவைத்:

அண்ணா சொன்ன ஒம்பதரைக் கணக்கு பிரமாதம்! தம்பி, நான் கொஞ்சம் கறாராப் பேசறேன், கோவிச்சுக்காதே.

மொட்டைமாடி வேண்டாம். போன வருஷம் யாரைக் கேட்டு ஏறினீங்க? கேம்பைப் பாத்துக்கற கேம்ப் பாஸ்கிட்ட முன்னாடியே சொல்லி, மெஸ் ஹால்லயே வெச்சுக்கங்க. வெளியில கூட்டம் சேக்கறதும், வேற நாட்டுக் கொடியை உசரத்துல பறக்க விடறதும் வளைகுடாவுல அனுமதி சமாச்சாரம். காசும் உங்க 20 பேருக்குள்ள பங்கு போட்டுக்கறதோட நிக்கட்டும். ரசீது புக் அடிச்சு வெளியில வசூல் போனா வம்பு.

ராத்திரி கொடியேத்தலாமான்னு யாராச்சும் கெளப்புவாங்க. முன்னெல்லாம் சூரியன் உதிச்சதுலேந்து அஸ்தமனம் வரைக்கும்தான். 2022 ஜூலையில கொடி விதியைத் திருத்தி, வீட்டுல ராத்திரியும் பறக்கலாம்னு ஆக்கிட்டாங்க. ஹால்ல கம்பம் இருக்காது, செவுத்துல கட்டுவீங்க. படுக்கை வாட்டத்துல கட்டினா காவி மேல. தொங்க விட்டா, பாக்கறவங்களுக்கு இடது கைப் பக்கம் காவி. கொடி மேல பேனாவுல ரூம் பேரெல்லாம் எழுதக் கூடாது (எங்க ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல ஒருத்தி எழுதிட்டா, என்னத்தைச் சொல்ல). முடிஞ்சதும் காகிதக் கொடிகளைத் தரையில போடாம பொறுக்கி எடுத்து வைங்க. ஜன கண மனவை இப்பவே டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோ. மொத்தமே 52 செகண்டு, அதுக்கு நெட் எதுக்கு?

லீவு இருக்கறவங்க காலையில தூதரகத்துக்குப் போகலாம். தூதர் கொடியேத்திட்டு குடியரசுத் தலைவரோட உரையை வாசிப்பார், ஸ்கூல் பிள்ளைங்க பாடுவாங்க. ஐடி கார்டு எடுத்துட்டுப் போகணும், பை கொண்டு போகாம இருக்கறது நல்லது. உங்க வண்டி நேரத்துக்கு அது ஆகாது. ஆனா செங்கோட்டையில வழக்கமா ஏழரைக்குக் கொடியேத்துவாங்க, உங்களுக்கு அது அஞ்சு மணி. வண்டியில உக்காந்தே போன்ல பாத்துக்கலாம்.

நகரி_தோஹா:

நான் ஆந்திரா நகரிங்க. வீட்டுல தமிழ், ஸ்கூல்ல தெலுங்கு, கேம்ப்ல இந்தி. தமிழ்க்காரங்க என்னை "ரெட்டிகாரு"ம்பாங்க, தெலுங்குக்காரங்க "அரவம்", அதாவது தமிழ்க்காரன்பாங்க. எங்க கேம்ப்ல ஆகஸ்ட் 15க்கு தேசபக்திப் பாட்டு போட்டி வெச்சாங்க. இந்திக்காரங்க வரிசையாப் பாடினாங்க, நாங்க தெக்கத்திக்காரங்க எல்லாரும் கோரஸா உம்முனு முனகினோம். நீங்க பாட்டு வேண்டாம், சாப்பாடு போடுங்க. அதான் மரியாதை.

கொழிஞ்சாம்பாறை_மனாமா:

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஒம்பதரைக் கணக்கைக் கொல்லத்துக்காரர்கிட்ட சொன்னேன். கையில வாட்சைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "சரி, சம்மதிச்சு"ன்னுட்டார். மெஸ் ஹாலுக்கு கேம்ப் பாஸ் பத்தரை வரைக்கும் விட்டிருக்கார், ஸ்பீக்கர் கூடாதுன்னுட்டார். போன்லயே போட்டுக்கறோம். கொடி கட்டினதும் மொதல்ல பொண்ணுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டிட்டுத்தான் பாட்டு.

பாயசம் ஆலப்புழைக்காரங்க பொறுப்பு. சேமியா, ரெயின்போ பால் டின்னு எல்லாம் எடுத்தாச்சு. சாப்பாடு எங்க ஆறு பேர் தலையில. நம்மூர் அரிசிம்பருப்புச் சோறு போடலாம்னு இருக்கோம், ஒரே அண்டாவுல வேலை முடிஞ்சுரும். எனக்கு நாலு பேருக்குத்தான் கை அளவு தெரியும். 20 பேருக்குங்களா அக்கா?

முதலமடை_நர்ஸ்_குவைத்:

20 பேர்னு பாக்காதே, கீழ் மாடிக்கும் அனுப்பணுமில்ல? மூணு கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு. சின்ன வெங்காயம் ஒரு கிலோ. அங்க விலை அதிகம்னா பாதி பெரிய வெங்காயம் போட்டுக்கோ. பூண்டை உரிக்காம தட்டிப் போடு. தண்ணி அரிசியும் பருப்பும் அளந்த பாத்திரத்துலயே மூணு பங்கு. அண்டாவுல அடி பிடிக்கும், பருப்பு முக்கால் வேக்காடு வந்தப்புறம் அரிசியைப் போடு. இறக்கினதும் தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி. நெய்யின்னு எவனாச்சும் சொன்னா கேக்காதே.