புதுப்பிப்பு: இந்திய மிக்ஸி நியூ ஜெர்சியில் ஓடுகிறது

ஊரிலிருந்து கொண்டுவந்த 750 வாட் மிக்ஸியை இங்கே எப்படி ஓட்டுவது என்று முன்பு கேட்டிருந்தேன். மிக்ஸிக்கு 230 வோல்ட் வேண்டும், இங்கே சுவரில் வருவது 120. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வோல்ட்டை உயர்த்தித் தரும் 2000 வாட் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதனால் மிக்ஸியின் வாட்டைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும் என்று நீங்கள் சொன்னது சரிதான். இரும்பும் செம்புக் கம்பியுமாக நல்ல கனம். ஹேர் டிரையருக்கென்று விற்கும் லேசான கன்வெர்ட்டரை மோட்டாருக்குப் போடவே கூடாது. சுவர் பிளக்கில் நேராகத்தான் செருகுகிறேன், எக்ஸ்டென்ஷன் கம்பி இல்லை. தேங்காய்ச் சட்னி நைசாக அரைபடுகிறது. சும்மா இருக்கும்போதும் டிரான்ஸ்ஃபார்மர் 'ங்ங்' என்று முனகும், கொஞ்சம் கரண்டும் தின்னும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

ஊர் கிரைண்டரையும் இப்படி ஓட்டலாமா என்று கேட்டவர்களுக்கு: டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டும்தான் மாற்றும், இங்கத்திய கரண்டின் 60 ஹெர்ட்ஸை (நொடிக்கு 60 அலை) ஊரில் உள்ளதுபோல 50 ஆக்காது. மிக்ஸி மோட்டாருக்கு அது பொருட்டில்லை. ஆனால் கிரைண்டரில் பெரும்பாலும் ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேகத்தில் சுற்றும் இண்டக்‌ஷன் மோட்டார். சுமார் 20 சதவீதம் வேகமாகச் சுற்றும், மாவும் மோட்டாரும் சூடாகும். இங்கே விற்கும் 110 வோல்ட் கிரைண்டரையே வாங்கிவிடுங்கள்.

அப்புறம், லேப்டாப், போன் சார்ஜர்களில் '100-240' என்று அச்சிட்டிருந்தால் பிளக் அடாப்டர் மட்டும் போதும்.