மறு: பொசஷன் – பந்துவசமா, பந்துமுறையா?

நண்பர்களுக்கு வணக்கம். கூடைப்பந்தில் 'பொசஷன்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் நண்பர் ஒருவர் எழுதியதற்கு என் பதில்.

> பந்துவசம் என்றே வைத்துவிடலாமே. கால்பந்துக்கும் அதுவே ஆகும். கூடைப்பந்துக்கு மட்டும் எதற்குத் தனிச்சொல்?

எனக்கு உடன்பாடில்லை. கால்பந்தில் பொசஷன் என்பது விழுக்காடு; ஆட்டத்தில் எவ்வளவு பங்கு பந்து இவர்களிடம் இருந்தது என்பது. கூடைப்பந்துக் கணக்கில் அது எண்ணிக்கை. ஓர் அணிக்குப் பந்து கிடைத்ததிலிருந்து அது எதிரணிக்குப் போகும்வரை ஒன்று. அப்புறம் எதிரணிக்கு ஒன்று. நடுவில் பந்து யார் வசத்தில் இருந்தது, இல்லை என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை.

2013 என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) இறுதித் தொடர், ஆறாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சான் அன்டோனியோ 95, மியாமி 92, சில நொடிகளே பாக்கி. லெப்ரான் ஜேம்ஸ் மூன்று புள்ளிக்கு எறிகிறார், வளையத்தில் பட்டுத் தெறிக்கிறது. கிறிஸ் போஷ் எகிறிப் பிடித்து, வலது மூலைக்குப் பின்வாங்கிக்கொண்டிருந்த ரே ஆலனிடம் தள்ளுகிறார். ஆலன் எறிகிறார், உள்ளே. 5.2 நொடி இருக்கையில் 95-95. கூடுதல் நேரத்தில் மியாமி வென்றது, ஏழாவது ஆட்டத்தையும் வென்று பட்டத்தையும் எடுத்துக்கொண்டது. இதில் எறிதல் இரண்டு, பொசஷன் ஒன்றே ஒன்று. வளையத்தில் பட்டுப் பந்து காற்றில் நின்ற அந்தக் கணத்தில் அது யார் வசம்? யார் வசமும் இல்லை. ஆனால் மியாமியின் முறை இன்னும் முடியவில்லை. அதனால்தான் பந்துமுறை என்கிறேன்.

எண்ணும் சூத்திரமும் இதைத்தான் சொல்கிறது: எறிந்த ஷாட்கள், கூட்டு 0.44 பெருக்கல் ஃப்ரீ த்ரோக்கள் (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் தடையற்ற எறிதல்கள்), கழி தாக்கும் பக்க ரீபவுண்டுகள் (தவறிய எறிதலின் பந்தை எறிந்த அணியே பிடிப்பது), கூட்டு டர்ன்ஓவர்கள் (எறியாமலே பந்தை எதிரணியிடம் இழப்பது). ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும். சில நேரம் கூடை விழுந்தபின் கொசுறாக ஒன்று வரும். அதனால்தான் 0.5 இல்லாமல் 0.44. போஷ் பிடித்தது போன்ற ரீபவுண்டைக் கழிக்கிறோமே, அந்த ஒரு கழித்தல்தான் இங்கே உயிர்நாடி. 'வசம்' என்று வைத்துக்கொண்டு அதை ஏன் கழிக்கிறோம் என்று மாணவருக்கு விளக்கிப் பாருங்கள், நாக்கு தள்ளிவிடும்.

இந்த இழை தொடங்கியதே இறுதித் தொடர்களின் தலைசிறந்த ஆட்டங்களைப் புள்ளியியல் கொண்டு வரிசைப்படுத்தும் கட்டுரைக்குச் சொல் தேடித்தான். அந்த வரிசையே இந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது. ஓர் இறுதித் தொடரில் ஆட்டத்துக்கு 40 புள்ளிக்கு மேல் சராசரி வைத்தவர்கள் மூவர்: மைக்கேல் ஜோர்டன் 41.0 (1993), ரிக் பேரி 40.8 (1967), எல்ஜின் பேய்லர் 40.6 (1962). மூவருக்கும் இடையில் 0.4 புள்ளிதான். ஆனால் 1961-62 பருவத்தில் ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 118.8 புள்ளி எடுத்தது, 1966-67-இல் 117.4, 1992-93-இல் 105.3. அதோடு வகுத்தால் ஜோர்டனுக்கு 39 விழுக்காடு. மற்ற இருவரும் 35-ஐத் தாண்டவில்லை. அறுபதுகளில் ஓடி ஓடி எறிந்தார்கள், முறைகள் ஏராளம். (ஜோர்டனுக்கும் ஒரு சலுகை உண்டு. அத்தொடரின் மூன்றாவது ஆட்டம் மூன்று கூடுதல் நேரம் வரை இழுத்தது. கூடுதல் நேரம் என்றால் கூடுதல் முறைகள்.)

ரீபவுண்டில் இன்னும் பளிச்சென்று தெரியும். 1962-இல் பில் ரஸ்ஸல் ஆட்டத்துக்கு 27.0, 2003-இல் டிம் டங்கன் 17.0. வெறும் எண்ணைப் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ரஸ்ஸல் காலத்தில் ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு 71 ரீபவுண்டு கிடைத்தது, டங்கன் காலத்தில் 42. இருவர் பங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். 2003 தொடரின் நான்காவது ஆட்டம் 77-76 என்று முடிந்தது என்றால் வேகத்தை ஊகித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், கடைசி ஆட்டத்தில் 21 புள்ளி, 20 ரீபவுண்டு, 10 அசிஸ்ட் (கூடைக்கு வழிவகுத்த பாஸ்), 8 பிளாக் (தடுத்த எறிதல்) என்று ஆடிய டங்கனை இந்தப் பட்டியல்களில் கீழே தள்ளுவது அநியாயம்.

பழைய தொடர்களுக்கு முறைகளை நேராக எண்ணவும் முடியாது. தாக்கும் பக்க ரீபவுண்டைத் தனியாகப் பதிந்தது 1973-74 முதல், ஆட்டக்காரர்வாரியாக டர்ன்ஓவர் 1977-78 முதல். 1969-இல் தோற்ற அணியிலிருந்து இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கிய ஒரே ஆட்டக்காரர் ஜெர்ரி வெஸ்ட்டுக்கு (ஆட்டத்துக்கு 37.9 புள்ளி) நாம் போடுவது மதிப்பீடுதான். கட்டுரையில் 'மதிப்பிட்ட பந்துமுறை' என்று எழுதியே ஆகவேண்டும்.

> முறை என்றால் வழிமுறை என்றல்லவா படிப்பார்கள்?

எண்ணோடு வந்தால் படிக்கமாட்டார்கள். "நூறு முறை சொல்லிட்டேன்" என்பதை யாரும் நூறு வழிமுறை என்று எடுத்துக்கொள்வதில்லை. நமக்கு வேண்டியதும் எண்ணோடுதான் வரப்போகிறது: "நூறு பந்துமுறைக்கு 112 புள்ளி". மைதானத்தில் பையன்கள் "நம்ம பால்" என்று கத்துவதற்கும் இது பக்கத்தில் இருக்கிறது. பொசஷனின் நேர்ப்பொருளான 'உடைமை' சொத்துப் பத்திரத்துக்குப் போகட்டும்.

கிளைச்சொல்லும் எளிதாகப் பிறக்கிறது. ஒருவர் களத்தில் இருக்கையில் அணியின் முறைகளில் எத்தனையைத் தானே முடித்தார் என்பதற்கு 'முறைப்பங்கு'. 2015 இறுதித் தொடரில் லெப்ரான் ஆட்டத்துக்கு எடுத்தது 35.8 புள்ளி, 2021-இல் ஜியானிஸ் அன்டெட்டோகும்போ 35.2 புள்ளி. ஆனால் லெப்ரான் ஆறு ஆட்டத்தில் 196 முறை எறிந்து 39.8 விழுக்காடு போட்டார். ஜியானிஸ் போட்டது 61.8 விழுக்காடு. லெப்ரானைக் குறை சொல்வதற்கில்லை. கெவின் லவ் முன்னரே காயம், கைரி இர்விங் முதல் ஆட்டத்தோடு வெளியே. எறிய வேறு ஆள் இல்லை. அந்த நிலையைச் சொல்லத்தான் முறைப்பங்கு. அது இல்லாமல் இருவரையும் ஒரே தட்டில் வைத்தால் பட்டியல் பொய் சொல்லும்.

எனவே தொகுப்பாளர் ஐயாவுக்கு: பந்துவசத்தைக் கால்பந்துச் சொற்பட்டியலிலேயே விட்டுவிடுங்கள், இங்கே கூடைப்பந்துப் பட்டியலில் பந்துமுறை, முறைப்பங்கு இரண்டையும் ஏற்றுங்கள். பேஸுக்கு (ஓர் ஆட்டத்தில் எத்தனை முறைகள் வருகின்றன என்பதற்கு) 'ஆட்டவேகம்' போதும் என்பேன். 'முறைவேகம்' வேண்டும் என்பவர்கள் இந்த இழையிலேயே சொல்லலாம். ரீபவுண்டுக்குத் தனி இழை போடுவோம், அது ஒரு வாரத்தில் முடியாது.

அன்புடன்.