காற்றழுத்தமும் கடிகாரமும் ஒத்துவரவில்லை, உதவுங்கள்

வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாமில் 20-வது மாடியில் குடியிருக்கிறோம். ஜெர்மனியில் இருக்கும் அண்ணன் டிசம்பரில் வந்தபோது ஒரு வானிலைக் கருவி கொண்டுவந்து பால்கனியில் மாட்டித் தந்தார். அப்பாவும் நானும் தினமும் மழையளவைக் குறித்து வைக்கிறோம், அதனால் நேரம் சரியாக இருப்பது எங்களுக்கு முக்கியம்.

நம் பக்கத்தில் காற்றழுத்தம் காலை, இரவு 10 மணி வாக்கில் உச்சத்துக்குப் போய், 4 மணி வாக்கில் இறங்கும். எங்கள் வரைபடத்தில் உச்சம் 3 மணிக்கு வருகிறது! சரியாக 7 மணி நேரம் பின்தங்கல், அதாவது ஜெர்மனியின் குளிர்கால நேரம். கையால் மாற்றினாலும் வைஃபை இணைந்ததும் பழையபடி ஆகிவிடுகிறது. நேர மண்டலத்தை மலேசிய நேரமான +8 ஆக்கும் இடம் திரையிலா, கைப்பேசிச் செயலியிலா? கோடைக்கால நேர மாற்றத்தையும் அணைக்க வேண்டுமா?

அப்புறம், பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் காற்றழுத்தம் 1010 ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) என்றால் எங்களுக்கு 1002. ஏறத்தாழ 8.5 மீட்டர் உயரத்துக்கு 1 குறையும் என்பதால் இது மாடி உயரம்தான் என்று நினைக்கிறேன். கடல்மட்ட அளவில் (கடல்மட்டத்துக்கு மாற்றிக் காட்டும் அழுத்தம்) மட்டும் 8 கூட்டினால் போதுமா, நேரடி அளவையும் (கருவி இருக்கும் இடத்திலேயே உணரும் அழுத்தம்) தொட வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.