‘எழுத்து உடைகிறது, உதவுங்கள்’: கேட்டவர்கள், கேட்கப்பட்டவர்கள் அனுபவங்கள்

அச்சுக்கோப்பாளன் (இழையைத் தொடங்கியவர்):

பதினெட்டு வருடங்களாகத் தட்டச்சும் பக்க வடிவமைப்பும்தான் தொழில். கடைக்கு வரும் அழைப்புகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம்: “சார், தமிழ் எழுத்து உடைகிறது.” இந்த ஒரு வாக்கியத்துக்குள் குறைந்தது நான்கு வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. அது புரிய எனக்கே பல வருடங்கள் பிடித்தன.

ஒரு சனிக்கிழமை மாலை ஒருவர் அழைத்தார். தன் தந்தையின் நினைவு மலருக்கு எழுதிய கட்டுரை உடைந்துவிட்டதாம். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இந்த எழுத்துருவை நிறுவுங்கள், அந்த எழுத்துருவை நிறுவுங்கள் என்று அரை மணி நேரம் அலையவிட்டேன். கடைசியில் திரையைப் படம்பிடித்து அனுப்பினார். பக்கம் முழுவதும் கேள்விக்குறிகள். நோட்பேடில் சேமிக்கும்போது ஏதோ எச்சரிக்கை வந்ததாகவும் ‘சரி’ என்று அழுத்தியதாகவும் அப்போதுதான் சொன்னார். தமிழுக்கு இடமில்லாத ஆன்சி என்ற பழைய முறையில் சேமித்திருக்கிறார். தமிழ் எழுத்துகள் இருந்த இடத்தில் உண்மையாகவே கேள்விக்குறிகள் எழுதப்பட்டுவிட்டன. எந்த எழுத்துருவாலும் அவற்றை மீட்க முடியாது. முதல் நிமிடத்திலேயே “உடைந்தது எப்படித் தெரிகிறது?” என்று கேட்டிருந்தால் அந்த மனிதருக்கு அரை மணி நேர நம்பிக்கையைக் கொடுத்துப் பிடுங்கியிருக்க மாட்டேன்.

இப்போது அதைத்தான் முதலில் கேட்கிறேன். வெறும் கட்டங்கள் என்றால் எழுத்துருவில் தமிழ் இல்லை, கட்டுரை பத்திரமாக இருக்கிறது. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் திரும்பத் திரும்ப வந்தால், யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) உள்ள கோப்பை வேறு குறியாக்கத்தில் திறந்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் என்றால் பெரும்பாலும் பாமினி போன்ற, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. கேள்விக்குறி என்றால், வேறு நகல் இருக்கிறதா என்று மெதுவாக விசாரிப்பேன்.

உதவி கேட்டு அலைந்தவர்கள், கேட்கப்பட்டுத் தவித்தவர்கள் எழுதுங்கள்.

வடமராட்சியான்:

எங்கள் ஊர்க் கோயிலின் பழைய கும்பாபிஷேக மலர் 140 பக்கம், எல்லாம் பாமினி. புதிய மலருக்காக அதை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நான் அதைக் கேட்டேனா? இல்லை. “வேர்டில் ஒரே நேரத்தில் பல எழுத்துகளைத் தேடி மாற்றுவது எப்படி?” என்று கேட்டேன். வழியை நானே முடிவு செய்துவிட்டு அந்த வழியில் கிடந்த கல்லைப் பற்றி மட்டும் விசாரித்தேன்.

நல்ல மனிதர்கள். கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். ஒருவர் சிறு நிரல்கூட எழுதிக் கொடுத்தார். ‘எஃப்’ வந்தால் ‘க’, ‘எச்’ வந்தால் கால் என்று ஓடவிட்டேன். ‘கோயில்’ என்று வரவேண்டிய இடமெல்லாம் இரட்டைக்கொம்பு முன்னால் தனியாக நின்றது, ‘காயில்’ பின்னால் வந்தது. கோயில் மலரில் கோயிலே உடைந்தால் எப்படி இருக்கும்! பாமினியில் கொம்பை முதலில் தட்டி, பிறகு மெய்யைத் தட்டுகிறோம், கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி. யூனிகோடில் மெய் முன்னால், உயிர்க்குறி பின்னால் சேமிக்கப்படுகிறது. இதை அறியாமல் கொம்புகளை மட்டும் இடம் மாற்ற இன்னொரு கேள்வி, அதில் ‘கௌ’ கெட்டுப்போக அதற்கு ஒரு கேள்வி.

மூன்றாம் நாள் ஒரு தம்பி கேட்டார்: “அண்ணை, கடைசியில் உங்களுக்கு வேண்டியது என்ன?” சொன்னேன். “பாமினியா? அதற்கு எழுத்துரு மாற்றி இருக்கிறதே!” ஐந்து நிமிடத்தில் 140 பக்கமும் மாறியது.

கதை அதோடு முடியவில்லை. லண்டன், டொராண்டோ அன்பர்களின் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் மலரில் ஆங்கிலத்தில் இருந்தன. அவையும் பாமினி என்று எண்ணி, அந்த எழுத்துரு மாற்றி அவற்றைப் புதுத் தமிழாக்கிவிட்டது. நன்கொடையாளர் பட்டியலை வாய்விட்டு வாசித்தால் ஏதோ மந்திரம் போலிருந்தது. நடுவில் ஆங்கிலம் கலந்திருப்பதை நான் அந்தத் தம்பியிடம் சொல்லவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

பள்ளி அலுவலர்:

என் கேள்வி இது, எழுத்துப் பிசகாமல் தருகிறேன்: “அவசரம்!!! எக்செல் வேலை செய்யவில்லை. நாளைக் காலை 10 மணிக்குள் வேண்டும்.” இணையத்திலிருந்து இறக்கிய மாணவர் பட்டியல் அது, 412 பெயர்கள். திறந்தால் ஒரு பெயரும் வாசிக்கும்படி இல்லை. வந்த பதில்களில் ஒருவர் கணினியை அணைத்துப் போடச் சொன்னார், ஒருவர் எக்செல்லை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவச் சொன்னார். இரண்டையும் செய்தேன். மணி இரவு ஒன்பது.

பிறகு ஒரு அண்ணன் மட்டும், “கோப்பை எப்படித் திறந்தீர்கள்?” என்று கேட்டார். இரண்டு முறை சொடுக்கி, வேறெப்படி? “அப்படித் திறக்காதீர்கள். வெற்றுத் தாளைத் திறந்து, தரவு என்ற பட்டியில் உரைக் கோப்பிலிருந்து இறக்குமதி என்பதற்குப் போங்கள். குறியாக்கத்தில் 65001 என்ற எண்ணோடு யூடிஎஃப்-8 இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள்.” 412 பெயர்களும் முத்து முத்தாக வந்தன. எக்செல் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. மூன்று ஆச்சரியக்குறிகள் போட நேரம் இருந்தது, பெயர்கள் எப்படித் தெரிகின்றன என்று ஒரு வரி எழுத நேரமில்லை!

இரவுப்பறவை:

நான்கு வருடங்களுக்கு முன் பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுக்க முடியாமல் உதவி கேட்டேன். போன மாதம் அதே தொல்லை. தேடியதில் என் பழைய கேள்வியே கிடைத்தது. அதன் அடியில் நானே எழுதியிருந்தேன்: “சரியாகிவிட்டது, நன்றி.” எப்படிச் சரியானது என்று ஒரு சொல் இல்லை. என்னையே திட்டிக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

எல்லோரும் கேட்பவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். ஒருமுறை நான் உதவி கேட்டபோது எடுத்த எடுப்பில் “உங்கள் குறியாக்கம் என்ன?” என்றார் ஒருவர். அது தெரிந்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன்? “முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்” என்றார் இன்னொருவர். முப்பத்திரண்டு வருடங்கள் வகுப்பறையில் நின்றவள் நான். ஒரு பிள்ளையிடமும் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு ஒரு பையனிடம் தொலைபேசியில் பேசினேன். திரையைப் படம்பிடிக்க எனக்கு வராது. “பரவாயில்லையம்மா, தலைப்பில் தெரிவதை ஒவ்வொரு எழுத்தாக வாசியுங்கள், நிறுத்தக்குறிகளையும் விடாமல்” என்றான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன்: “ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி.”

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அம்மா, அது ‘தமிழ்’” என்றான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பழைய பாடக்குறிப்புகள் அவை.

அச்சுக்கோப்பாளன்:

வணங்குகிறேன் அம்மா. குறிப்புகள் முழுவதும் யூனிகோடுக்கு மாறிவிட்டனவா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

மாறிவிட்டன. நீங்கள் எல்லோரும் எழுதியதை வாசித்த பிறகு ஒரு கேள்வி கேட்கத் துணிகிறேன். விண்டோஸ் 10 கணினி, வேர்டு. எழுத்துரு பேரன் எப்போதோ நிறுவிய பழைய ஒன்று. மொத்தம் 61 பக்கம். ‘ஸ்ரீ’ வரவேண்டிய ஏழு இடங்களில் மட்டும் முதலில் ஒரு கட்டம், பிறகு ‘ரீ’. மற்ற எழுத்துகள் எல்லாம் சரி. அந்த வரியை நிர்மலா எழுத்துருவுக்கு மாற்றினால் கட்டம் போய்விடுகிறது. ஆனால் எனக்குப் பழைய எழுத்துருதான் பிடித்திருக்கிறது. என்ன செய்யலாம்?

அச்சுக்கோப்பாளன்:

எழுத்துரு மாற்றி அந்த இடத்தில் ‘ஸ’வுக்குப் பதில் ‘ஶ’ போட்டிருக்கும் அம்மா. 2005-இல்தான் அந்த எழுத்து யூனிகோடில் சேர்ந்தது. உங்கள் எழுத்துருவில் அது இல்லை. முதலில் கோப்பை நகலெடுத்து வையுங்கள். பிறகு கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, தேடும் பெட்டியில் ஒட்டி, ‘ஸ்’ என்று மாற்றச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

ஏழும் சரியாகிவிட்டன. ஆனால் கட்டத்தைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியவில்லை, ‘ரீ’யும் கூடவே வந்தது. இரண்டையும் சேர்த்துத் தேடச் சொல்லி, ‘ஸ்ரீ’ என்று முழுதாக மாற்றினேன். இரவுப்பறவை கவனிக்கவும்.