நாயக்கர் மகால் தூண்களுக்கிடையே இளஞ்சிவப்பாகிப் போன வானம்

மதுரை திருமலை நாயக்கர் மகாலில் நண்பகலில் படம் எடுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானதுதான். தூண்களின் நிழலில் நின்று திறந்த முற்றத்தை நோக்கிக் கேமராவைத் திருப்பினால், கூரையடி இருட்டும் உச்சி வெயிலும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடுகின்றன. கேமராத் திரையில் சரியாகத் தெரிந்த ரா படங்களை (சென்சார் பதிவு செய்த, பதப்படுத்தாத கோப்புகளை) வீட்டில் டார்க்டேபிள் என்ற படத்திருத்த மென்பொருளில் திறந்தபோது, எல்லாமே ஏறத்தாழ ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சம் பாதியாகும் அளவு) இருண்டிருந்தன.

மென்பொருளைச் சந்தேகித்தே இரண்டு நாட்கள் கழிந்தன. பிறகுதான், அன்று ஒளியுணர்திறன் அளவான ஐஎஸ்ஓவை 100-இல் வைக்க முயன்றும் கேமரா 200-க்குக் கீழே இறங்க மறுத்தது நினைவுக்கு வந்தது. கேமராவின் ஹைலைட் டோன் பிரையாரிட்டி என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்திருக்கிறது. வெளிச்சப் பகுதிகளைக் காப்பதற்காக அந்த அமைப்பு ரா தரவை ஒரு ஸ்டாப் குறைவாகப் பதிவு செய்து, கேமராவே உருவாக்கும் ஜேபெக் படத்தில் மட்டும் அதை ஈடுகட்டிவிடுகிறது. எக்ஸ்போஷர் பகுதியில் +1 ஈவி (ஒரு ஸ்டாப்) கொடுத்ததும் தூண்கள் தம் நிறத்துக்குத் திரும்பின.

நிழலுக்கேற்ப வெளிச்சத்தை அளந்து எடுத்த சில படங்களில் வேறொரு கோளாறு இருந்தது. தூணின் ஓரத்தை ஒட்டிய வானம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. வெளிச்சத்தைக் குறைத்தாலும் அந்த நிறம் போகவில்லை. ரா தரவில் எந்த நிறம் உச்சத்தைத் தொட்டது என்று காட்டும் எச்சரிக்கையை இயக்கிப் பார்த்தபோது, அங்கே பச்சை மட்டுமே உச்சத்தைத் தொட்டு நின்றுவிட்டது என்றும் சிவப்பிலும் நீலத்திலும் தரவு எஞ்சியிருக்கிறது என்றும் புரிந்தது. பகல் வெளிச்சத்துக்கான வொயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறங்களைச் சமன்படுத்துவது) சிவப்பையும் நீலத்தையும் பெருக்குகிறது, பச்சையை ஏறக்குறைய அப்படியே விடுகிறது. ஆகவே உச்சத்தில் வெட்டுப்பட்ட பச்சை பின்தங்க, மற்ற இரண்டும் சேர்ந்து அந்த இளஞ்சிவப்பை உண்டாக்குகின்றன. வெட்டுப்பட்ட வெளிச்சப் பகுதிகளைச் சரிசெய்யும், நான் ஏதோ ஆர்வத்தில் அணைத்து வைத்திருந்த ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்‌ஷனை மீண்டும் இயக்கியபின் வானம் வெண்மையானது. மூன்று நிறங்களுமே நிறைந்துவிட்ட இடங்களில் மேகத்தின் வடிவம் மீளவில்லை. அதை எந்த மென்பொருளிடமும் எதிர்பார்க்கக்கூடாது என்பதே என் கருத்து.

மறுமொழி:

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிரானது. மாலை வெயிலில் செம்பருத்திப் பூவை எடுத்தபோது, திரையில் சிவப்பு வெட்டுப்படுவதாகக் காட்டியதை நம்பி இரண்டு ஸ்டாப் குறைத்துவிட்டேன். கேமராவின் ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) ஜேபெக் முன்னோட்டத்திலிருந்து கணக்கிடப்படுவது. நான் நிறங்களை மிகைப்படுத்தும் பிக்சர் ஸ்டைலை வைத்திருந்ததால் அது இல்லாத ஆபத்தைக் காட்டியிருக்கிறது. ராவில் சிவப்புக்கு இன்னும் இடம் இருந்தது. 14 பிட் கோப்பின் 16,384 படிநிலைகளில் மிகப் பிரகாசமான மேல் ஸ்டாப்புக்கே 8,192 போய்விடுகிறது, அதிலிருந்து கீழே இறங்கி நிழல் பக்கமுள்ள ஆறாவது ஸ்டாப்புக்கு வெறும் 256 மிஞ்சுகிறது. சென்சாருக்குப் போக வேண்டிய ஒளியையும் நானே குறைத்துவிட்டதால், இலைகளின் நிழலைத் தூக்கியபோது நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) தவிர வேறொன்றும் வரவில்லை. இப்போது நியூட்ரல் ஸ்டைலை வைத்துக்கொண்டு ஹிஸ்டோகிராமைப் பார்க்கிறேன்; அது ராவுக்கு ஓரளவு நெருக்கமாக இருக்கிறது.