வினாடி வினா ஆடியவன் பயிற்சியாளன் ஆவது எப்படி?

குடந்தைக்காரன்:
கும்பகோணத்தில் படித்த காலத்தில் மூன்றாண்டுகள் பள்ளியின் வினாடி வினா அணியில் இருந்தேன். பின்னர் சென்னையில் வேலை பார்த்த 14 ஆண்டுகளிலும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளை விட்டதில்லை. சென்ற ஆண்டு நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியபின், பாபநாசம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டதால் நான்கு மாணவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஆடப்படும் க்விஸ் பவுல் முறையைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டேன். நம் போட்டிகளில் ஓர் அணிக்குத் தெரியாத கேள்வி அடுத்த அணிக்குப் போகும். அங்கே சில வரிகள் நீளும் ஒரே கேள்வி, எளிதில் பிடிபடாத குறிப்பில் தொடங்கி எல்லாரும் அறிந்த குறிப்பில் முடியும், இரு அணியினரும் எந்த இடத்திலும் பஸ்ஸரை அழுத்தலாம். சரியான விடைக்கு 10 புள்ளி கிடைக்கும். இடைமறித்துத் தவறாகச் சொன்னால் 5 புள்ளி போய்விடும்.

என் மாணவர்கள் அவசரப்படுகிறார்கள். யுனெஸ்கோ என்ற சொல் காதில் விழுந்ததும் தஞ்சைப் பெரிய கோயில் என்கிறார்கள். நானோ, அவர்கள் யோசிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுகிறேன். இவ்விரண்டையும் எப்படித் திருத்துவது?

ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர்:
தம்பி, இரண்டும் ஒரே நோய்தான். அவர்கள் கடைசிக் குறிப்பை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் வளர்ந்திருப்பீர்கள். தாராசுரம் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தளத்தில் அறுபத்து மூன்று நாயன்மார்களின் வரலாறு சிறு சிற்பங்களாக ஓடுவதில் கேள்வியைத் தொடங்கி, தேர் வடிவ மண்டபம், தட்டினால் இசை எழுப்பும் படிகள், இரண்டாம் இராசராசன் என்று இறங்கி, 2004இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானதில் முடிக்கலாம். பெரிய கோயிலுக்கு அந்தச் சிறப்பு 1987லேயே வந்துவிட்டது என்று தெரிந்த பிள்ளை அங்கே இடறாது. ஆனால் இதை நீங்கள் எழுதித் தர வேண்டாம். பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை அங்கே அழைத்துச் சென்று, அவர்களையே கேள்வி எழுதச் சொல்லுங்கள். எளிய குறிப்பு எது, அரிய குறிப்பு எது என்று அடுக்கத் தெரிந்தவனுக்கு எங்கே அழுத்துவது என்பதும் தெரிந்துவிடும்.

எதிரணி மயிலாடுதுறை:
உங்களிடம் இருமுறை தோற்ற அணியில் நானும் இருந்தேன் என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கை இங்கே தீர்க்கவில்லை! எங்கள் பயிற்சியாளர் ஓர் ஆண்டு மலரைக் கையில் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னதோடு சரி. கணித மேதை இராமானுஜன் என்றால் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 1729 என்ற எண்ணை மட்டும் அறிந்திருந்தோம். கணிதம் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் கும்பகோணம் கல்லூரியில் அவர் உதவித்தொகையை இழந்தார் என்பது, அதே ஊரில் போட்டிக்கு வந்து போன எங்களுக்குத் தெரியாது. ஆசிரியர் ஐயா சொல்வது சரியே. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பயிற்சியின்போது கேள்வி படிக்கும் வேலையையும் மாணவரிடமே கொடுத்துவிட்டு, நீங்கள் ஓர் ஆட்டக்காரராக எதிரில் உட்காருங்கள்.

குடந்தைக்காரன்:
இருவருக்கும் நன்றி. ஒரு மாதமாக அப்படியே செய்து வருகிறோம். நேற்று, தாய்மாமன் வீடு ஒரத்தநாட்டில் உள்ள ஒன்பதாம் வகுப்பு மாணவி தான் எழுதிய கேள்வியைப் படித்தாள். "கல்லணையிலிருந்து பிரிகிறது" என்றதும் பஸ்ஸரை அழுத்தி வெண்ணாறு என்றேன். அவள் 5 புள்ளியைக் கழித்துவிட்டு நிதானமாக மேலே படித்தாள்: பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை வரை பாய்வது, மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து 1934இல் முடிந்தது, தஞ்சாவூரில் இன்றும் புது ஆறு என்றே அழைக்கப்படுவது. விடை கல்லணைக் கால்வாய். "முழுசாகக் கேட்டிருக்கலாமே, சார்" என்றாள்.